இரும்புக் குதிரை இறங்கிய நாள்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கன்னு கேட்டப்போ நாலு நாள் யோசித்தேன். காதல் கவிதைக்கு எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்டில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். நகைச்சுவைத் துணுக்கு எழுத சிவில்காரர்கள் இருக்கிறார்கள். லேத் மெஷினையும் ரெக்கார்டு நோட்டையும் கட்டிக்கொண்டு அழும் மெக்கானிக்கல்காரன் நான் என்ன எழுதுவது? கடைசியில், என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர் இறந்து 80 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரோ நியூயார்க். ஆட்டமோ நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாத பேஸ்பால். ஆனாலும் படியுங்கள், ப்ளீஸ்!

ஹாஸ்டல் சண்டை

நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கும் முக்கியமான வேலை என்ன? சரியாச் சொன்னீங்க, படிப்பு இல்லை. எல்லாக் காலத்துக்கும் சிறந்த பதினொரு பேர் யார் என்ற சண்டைதான்! கவாஸ்கரோடு யார் இறங்குவது, கபில்தேவுக்குப் பக்கத்தில் யார் பந்து போடுவது, சென்னை அணி என்றால் தோனியைத் தவிர மீதிப் பத்து இடம் யாருக்கு என்று விடிய விடியப் பேசுவோம். ஒருநாள் இந்தச் சண்டைக்கு நடுவில் வந்து மாட்டினார் என் அறை நண்பனின் அண்ணன். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். அங்கேயும் இதே கூத்துதான் என்றார். ஒவ்வொரு பேஸ்பால் அணிக்கும் நூறு வருஷக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்துக்கு யார் என்று அப்பாவும் பிள்ளையும்கூட அடித்துக்கொள்வார்களாம்.

பேஸ்பாலில் ஆடுவது ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் ஓர் இடம், அடிக்க வருபவர்களுக்கு வரிசையில் ஒரு நம்பர். ஆட்டம் தொடங்கும் முன் இந்தப் பட்டியலை அம்பயரிடம் கொடுக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஒருவரை வெளியே எடுத்தால் அன்றைக்கு அவர் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் அந்தச் சின்னக் காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை.

நியூயார்க் யாங்கீஸ் என்று ஓர் அணி. 1903இல் நியூயார்க்குக்கு வந்தது. 2009இல் 27ஆவது முறையாக உலகத் தொடர் பட்டம் வாங்கிய பெரிய கை. இந்த அணியின் சிறந்த ஒன்பது பேரைப் பொறுக்குவதுதான் ரொம்பக் கஷ்டம். பந்தைப் பிடிக்கும் கேட்சர் இடத்துக்கு யோகி பெர்ராவா, பில் டிக்கியா? பெர்ரா வீரராக மட்டும் 10 உலகத் தொடர் ஜெயித்தவர். நடு மைதானத்துக்கு ஜோ டிமாஜியோவா, மிக்கி மேன்டிலா? டிமாஜியோ 1941இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தவர். மேன்டில் 536 ஹோம் ரன் அடித்தவர். வலது பக்கம் பேப் ரூத் என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்களாம். 2022இல் ஆரன் ஜட்ஜ் ஒரே சீசனில் 62 ஹோம் ரன் அடித்த பிறகு, ரூத்தை இடது பக்கம் தள்ளலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் எல்லாம் கேட்கவே வேண்டாம், அடிதடிதான்!

ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்களாம். முதல் பேஸ். அங்கே லூ கெரிக் என்று எழுதிவிட்டுத்தான் மற்ற சண்டையையே ஆரம்பிப்பார்கள். 1999இல் அந்த நூற்றாண்டின் சிறந்த வீரர்களுக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டபோது, ரூத்தைவிடவும் அதிக ஓட்டு வாங்கியது இந்த கெரிக்தான். இறந்து 58 வருஷம் கழித்து!

யாருடா இந்த ஆள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தது இதோ.

நம்ம வீட்டுக் கதை மாதிரி

லூ கெரிக் பிறந்தது 1903 ஜூன் 19, நியூயார்க் நகரில். யாங்கீஸ் அணி வந்த அதே வருஷம், அதே ஊர்! அப்பா அம்மா இருவரும் ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர்கள். பிறந்த நாலு பிள்ளைகளில் தங்கியது லூ ஒருவன்தான். அப்பாவுக்கு ஷீட் மெட்டல் வேலை. நம்ம ஒர்க்‌ஷாப்பில் தகரத்தை வெட்டி, மடக்கி, கையைக் கிழித்துக்கொள்கிறோமே, அதே வேலைதான்! அந்த வேலையும் நிலையாக இருக்காது. அம்மா வீட்டு வேலை, சமையல், துணி துவைப்பது என்று ஓடி ஓடிக் குடும்பத்தைத் தாங்கினார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அம்மாவுக்குச் சமையல் வேலை. மகன் படித்து எஞ்சினியர் ஆக வேண்டும் என்பதுதான் அந்தத் தாயின் ஒரே கனவு. இதைப் படித்தபோது என் அம்மா ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வரும்.

1920இல் பையன் பள்ளிக்கூட அணியோடு சிகாகோ போனான். எதிர் அணி அந்த ஊரின் ஒரு டெக்னிக்கல் ஸ்கூல். மூன்று பேஸிலும் ஆள் நிற்க, பந்தை மைதானத்துக்கே வெளியே அடித்தான். பெரிய லீக் ஆட்டம் நடக்கும் மைதானம் அது. அடித்தவனுக்கு வயது 17.

அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகம், எஞ்சினியரிங் படிப்பு. இங்கேதான் ஒரு தப்பு. யாரோ பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, வேறு பெயரில் ஒரு தொழில்முறை அணிக்குக் கொஞ்ச நாள் ஆடினான். விஷயம் வெளியே தெரிந்து, முதல் வருஷம் கல்லூரி அணியில் ஆடத் தடை. நம்ம மாதிரிதான், முதல் வருஷத்திலேயே அரியர்!

1923 ஏப்ரல் 18. யாங்கீ ஸ்டேடியம் திறந்த நாள். ஊரே அங்கே கூடியிருந்தது. அதே நாளில் கொலம்பியா மைதானத்தில் லூ பந்து வீசி எதிர் அணியின் 17 பேரை அவுட் ஆக்கினான். ஆனால் ஆட்டம் தோற்றது! அவனை நோட்டம் பார்க்க வந்திருந்தார் யாங்கீஸ் அணிக்கு ஆள் பிடிப்பவர். அவர் கண்ணில் பட்டது பந்து வீச்சு அல்ல, மட்டை வீச்சு. சில நாட்களில் ஒப்பந்தம், கையில் 1,500 டாலர் போனஸ். வீட்டில் பெற்றோருக்கு உடம்பு சரியில்லை, பணமுடை. லூ படிப்பை விட்டுவிட்டு அணியில் சேர்ந்தார். அம்மாவின் எஞ்சினியர் கனவு அதோடு போச்சு. அந்தத் தாய் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்!

ஒரு நாள் இடம்

யாங்கீஸ் அணியில் முதல் பேஸ் காலியாக இல்லை. வாலி பிப் என்பவர் 1915 முதல் அங்கே நின்றுகொண்டிருந்தார். சாதாரண ஆளும் அல்ல. 1916, 1917 இரண்டு வருஷமும் தன் லீக்கிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர். அதனால் லூ சின்ன ஊர் அணியில் ஆடிக்கொண்டே காத்திருந்தார்.

1925 ஜூன் 1 அன்று ஒரு ஆட்டக்காரருக்குப் பதிலாக ஒரு முறை அடிக்க மட்டும் லூவை இறக்கினார்கள். மறுநாள் ஜூன் 2. பிப்புக்குத் தலைவலி என்று ஒரு கதை உண்டு. அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் ஆட்களை மாற்றிப் பார்த்தார் என்பது இன்னொரு கணக்கு. எதுவாக இருந்தாலும் அன்று பட்டியலில் பிப் பெயர் இல்லை, கெரிக் பெயர் இருந்தது. அந்த இடம் பிப்புக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த வருஷம் முடிந்ததும் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று ஆரம்பித்த கெரிக் எப்போது நின்றார் தெரியுமா? 1939இல்! நடுவில் ஒரு ஆட்டம்கூட விடாமல் 2,130 ஆட்டம். ஒரு சீசனுக்கு 154 ஆட்டம் நடந்த காலம் அது. அட்டெண்டன்ஸ் குறைந்து ஹெச்.ஓ.டி. அறை வாசலில் வரிசையில் நிற்கும் நண்பர்களே, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்! விரல் உடைந்தாலும் ஆடினார், முதுகு பிடித்தாலும் ஆடினார். பின்னாளில் கையை எக்ஸ்ரே எடுத்தபோது, உடைந்து தானாகவே கூடிய எலும்புகள் பல தெரிந்தன. இரும்புக் குதிரை என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

வெறும் ஆஜர் மட்டும் போட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1927இல் யாங்கீஸ் 110 ஆட்டம் ஜெயித்தது. இன்றைக்கும் ஒரே சீசனின் சிறந்த அணி எது என்று கேட்டால் பலர் சொல்வது அந்த அணியைத்தான். ரூத் 60 ஹோம் ரன், அவருக்கு அடுத்து இறங்கிய கெரிக் 47. லீக்கின் சிறந்த வீரர் பரிசு கெரிக்குக்கு. 1934இல் அடிக்கும் சராசரி, ஹோம் ரன், ஓட்டம் எடுத்துக் கொடுத்தது மூன்றிலும் லீக்கிலேயே முதலிடம். மொத்தம் 493 ஹோம் ரன். மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்த ஹோம் ரன் மட்டும் 23. இந்தச் சாதனையை முறியடிக்க 2013 வரை ஆனது.

ஆனால் பேர் மட்டும் எப்போதும் அடுத்தவருக்கு! 1932 ஜூன் 3 அன்று ஒரே ஆட்டத்தில் நாலு ஹோம் ரன் அடித்தார். அன்றைக்கென்று பார்த்து, 30 வருஷமாக ஒரே அணியின் மேனேஜராக இருந்த ஜான் மெக்ராவ் பதவி விலகினார். பேப்பர்காரர்கள் எல்லாம் அங்கே ஓடிவிட்டார்கள். அதே வருஷம் உலகத் தொடரில் ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் அடித்தார் என்று இன்றுவரை கதை பேசுகிறார்கள். அடுத்து வந்து கெரிக்கும் ஒன்று அடித்தார், அந்தத் தொடர் முழுக்க அவர் சராசரி .529 என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ரூத் போனார், நிம்மதி என்று பார்த்தால் 1936இல் டிமாஜியோ வந்துவிட்டார்!

இரண்டு நியாயமான கேள்விகள்

புகழ்ந்துகொண்டே போனால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். அதனால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, 1934 ஜூலையில் இடுப்பு வலியால் கெரிக்கால் நிற்கவே முடியவில்லை. மறுநாள் அவர் பெயரை ஷார்ட்ஸ்டாப் என்று வேறு இடத்தில், அடிக்கும் வரிசையில் முதலாவதாக எழுதினார்கள். போனார், ஒரு ஹிட் அடித்தார், உடனே மாற்று ஆள் வந்துவிட்டார். தொடர்ச்சி உடையக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை. நம்ம ஊரில் பிராக்ஸி போடுவதற்கு அண்ணன் முறை! இது நியாயமா என்று இன்றும் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

இரண்டாவது பெரிய விஷயம். கெரிக் ஆடிய காலம் முழுக்கக் கறுப்பின வீரர்களுக்கு அந்த லீக்கில் இடமே கிடையாது. அவர்கள் தனி லீக்கில் ஆடினார்கள். அங்கே ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் முதல் பேஸில் பக் லெனார்ட் என்று ஒரு மகத்தான ஆட்டக்காரர். அவரைக் கறுப்பு லூ கெரிக் என்றார்கள். பாவம், பட்டத்தில்கூட இன்னொருவர் பெயர்! யாங்கீஸ் அணியில் முதல் கறுப்பின வீரர் எல்ஸ்டன் ஹோவர்ட் வந்தது 1955இல்தான். 2024இல் அந்தத் தனி லீக்குகளின் கணக்கையும் பெரிய லீக் கணக்கோடு சேர்த்தார்கள். உடனே வாழ்நாள் சராசரியில் டை காப் இறங்கி, .372 சராசரியோடு ஜோஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். 1947இலேயே இறந்துபோன கிப்சன்! ஆகவே சிறந்த ஒன்பது பேர் என்று நாம் எழுதும்போது, யாரை உள்ளே விடவே இல்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தன் பெயரைத் தானே எடுத்தவர்

1938இல் கெரிக்கின் ஆட்டம் தளர்ந்தது. 1939 தொடங்கியபோது 8 ஆட்டத்தில் 4 ஹிட்தான். ஓடினால் கால் வரவில்லை. ஷூ லேஸ் கட்டுவதே கஷ்டம். ஆனால் மேனேஜர் ஜோ மெக்கார்த்தி அவரை வெளியே எடுக்கவில்லை. எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அணித் தலைவர், 2,130 ஆட்டம் விடாமல் ஆடியவர், யார் போய்ச் சொல்வது? ஒரு சாதாரணப் பந்தைப் பிடித்ததற்கே சக வீரர்கள் வந்து முதுகில் தட்டிப் பாராட்டினார்களாம். அந்தப் பாராட்டுதான் கெரிக்குக்கு உறைத்தது. இதுக்குமா பாராட்டு என்ற நிலைக்கு வந்துவிட்டோம் என்று புரிந்தது.

1939 மே 2, டெட்ராய்ட் நகரம். ஆட்டத்துக்கு முன்னால் கெரிக் தானாகவே மேனேஜரிடம் போய், இன்று என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அணித் தலைவர் என்ற முறையில் அன்றைய பட்டியலை அம்பயரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவரேதான். 14 வருஷத்தில் முதல் முறையாக, அவர் பெயர் இல்லாத பட்டியல். அவர் கையாலேயே! முதல் பேஸில் பேப் டால்கிரென் நின்றார். எதிரணி ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளே போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார் கெரிக். அன்று யாங்கீஸ் 22-2 என்று ஜெயித்தது.

அடுத்த மாதம் மேயோ கிளினிக்கில் பரிசோதனை. 1939 ஜூன் 19, சரியாக அவரது 36ஆவது பிறந்த நாளில் முடிவு சொன்னார்கள். ஏ.எல்.எஸ். என்ற நோய். தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். அன்றைக்கு மருந்து இல்லை. இன்றைக்கும் முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அமெரிக்காவில் அந்த நோய்க்கே லூ கெரிக் நோய் என்று பெயர் வந்துவிட்டது.

ஜூலை 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் பாராட்டு விழா. 60,000 பேருக்கு மேல் கூட்டம். அவருடைய 4ஆம் நம்பர் சட்டையை இனி யாரும் போடக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். பெரிய லீக்கில் ஒரு நம்பருக்கு இந்த மரியாதை அதுவே முதல் முறை. கெரிக் பேசினார். புலம்பவில்லை. தன்னைப் போல் கொடுத்து வைத்தவன் இல்லை என்ற பொருளில் பேசி, மைதானத்தைப் பராமரிக்கும் ஆட்கள் முதல் மாமியார் வரைக்கும் நன்றி சொன்னார். பல வருஷம் பேசாமல் இருந்த பேப் ரூத் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த சீசன் முடியும்வரை கெரிக் அணியோடுதான் இருந்தார். ஆடாத தலைவராக, பட்டியலை அம்பயரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மட்டும் செய்துகொண்டு. பிறகு நியூயார்க் நகரக் கைதிகளின் பரோல் கமிஷனில் வேலை பார்த்தார். 1941 ஜூன் 2 அன்று இறந்தார். வயது 37. பிப்பின் இடத்துக்கு வந்த அதே ஜூன் 2, சரியாக 16 வருஷம் கழித்து. அவருடைய 2,130 என்ற கணக்கை 1995 செப்டம்பர் 6 அன்று கால் ரிப்கன் தாண்டினார்.

என் பாவமன்னிப்பு

இவர் ஏன் என் தூக்கத்தைக் கெடுத்தார் என்று இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் நம்ம வாலிபால் அணிக்கு நான் கேப்டன். மண்டலப் போட்டிக்கு ரெண்டு நாள் முன்னால் கணுக்காலில் நல்ல சுளுக்கு. என் இடத்தில் ஆட இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன் ரெடியாக இருந்தான். தினமும் காலை ஐந்தரைக்கு வந்து வலை கட்டுபவன் அவன். பி.டி. சார் என்னை நம்பி, நீயே லிஸ்ட் எழுதிக் கொண்டு வா என்றார். எழுதினேன். முதல் பேர் என்னுடையது. கால் சரியாயிடுச்சு சார் என்று பொய்யும் சொன்னேன். மூன்றாவது செட்டில் என்னால் எகிறவே முடியவில்லை. தோற்றோம். வெளியே உட்கார்ந்திருந்த அந்தத் தம்பிதான் ஐஸ் வாங்கிக்கொண்டு ஓடிவந்து, வலிக்குதாண்ணா என்று கேட்டான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எல்லாக் காலத்துக்கும் சிறந்த அணி என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிற எனக்கு, ஒரே ஒரு நாளைக்குச் சரியான அணி எழுதத் தெரியவில்லை. கெரிக்கின் 493 ஹோம் ரன்னைவிட, அந்த மே 2 காகிதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இடத்தைப் பிடிக்க உடம்பில் பலம் இருந்தால் போதும். விடுவதற்கு வேறு ஒன்று வேண்டும்.

நான் இறுதி ஆண்டு. எனக்கு இனிப் போட்டி இல்லை. கெரிக்குக்குச் செய்த மாதிரி சட்டையை ஒதுக்கி வைக்க நம்ம கல்லூரிக்கு வசதியும் இல்லை. இருப்பதே 12 ஜெர்சி, அதிலும் ரெண்டு கிழிசல்! என்னுடைய 7ஆம் நம்பரை நன்றாகத் துவைத்து, தோள்பட்டைத் தையலைச் சரி பண்ணி, அந்தத் தம்பியின் அறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் லூசாக இருக்கிறது. பரவாயில்லை, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே!

ஹாஸ்டல் சண்டையைத் தொடருங்கள். முதல் பேஸை மட்டும் விட்டுவிடுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்